குரூப் பை, ஹேவிங்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

டேட்டாபேஸிடம் கேள்வி கேட்கும் மொழியான எஸ்க்யூஎல் (SQL) பழகும்போது பலரும் முதலில் இடறுவது, வரிசைகளை வடிகட்டும் ‘வேர்’ (WHERE) பகுதியில், கூட்டிச் சொல்லும் சம் (SUM), எண்ணிச் சொல்லும் கவுன்ட் (COUNT) எழுதுவதில்தான். ‘வேர் சம்(தொகை) > 1000’ என்று கொடுத்தால் மைஎஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸ் 1111 என்ற பிழை எண்ணைக் காட்டி நின்றுவிடும். வேர் வேலை செய்யும் நேரத்தில் குழுவே பிரித்திருக்காது. பிரிக்காத குழுவுக்குக் கூட்டுத்தொகை ஏது? சரி, இதை டேட்டாபேஸே பிடித்துக் கொடுத்துவிடுகிறது. பிழையே காட்டாமல், தவறான விடையோடு ஓடிவிடும் குவெரிதான் (டேட்டாபேஸுக்கு எழுதும் கேள்வி) எனக்குப் பயம்.

ஒரு மளிகைக் கடையின் ஆர்டர் டேபிளை எடுத்துக்கொள்வோம். முருகன் மூன்று முறை, தலா 400 ரூபாய்க்கு வாங்கியிருக்கிறார். செல்வி ஒரே முறை, 1500. கதிர் ஒரு முறை 1100, இன்னொரு முறை 200. மொத்தத்தில் ஆயிரத்துக்கு மேல் வாங்கியவர்கள் யார் என்று முதலாளி கேட்கிறார். அவசரத்தில் ‘வேர் தொகை > 1000’ என்று போட்டு, பெயர்வாரியாகக் குரூப் பை (GROUP BY, குழுவாகப் பிரிப்பது) செய்கிறோம். செல்வியும் கதிரும் வருகிறார்கள். 1200 ரூபாய்க்கு வாங்கிய முருகனைக் காணோம். கதிரின் கணக்கிலும் 1300க்குப் பதில் 1100தான் நிற்கிறது. அந்த 200 ரூபாய் வரிசை குழுவுக்குள் போகும் முன்பே கழிந்துவிட்டது. ‘குரூப் பை பெயர் ஹேவிங் சம்(தொகை) > 1000’ என்று எழுதிப் பாருங்கள், ஹேவிங் (HAVING) குழு பிரித்த பிறகு வடிகட்டுவதால் மூவரும் சரியான தொகையோடு வருவார்கள்.

ஊர், தேதி போன்ற தனி வரிசைக்கான நிபந்தனைகளை வேரிலேயே வையுங்கள். வேண்டாத வரிசைகள் முன்னாலேயே விலகிவிடும், தேடலை விரைவாக்கும் இன்டெக்ஸும் கைகொடுக்கும். சம்(தொகை)க்கு ‘மொத்தம்’ என்று நாமே வைத்த பெயரை ஹேவிங்கில் எழுதினால் மைஎஸ்க்யூஎல் ஏற்கும், போஸ்ட்கிரெஸ் என்ற இன்னொரு டேட்டாபேஸ் ஏற்காது. சம்(தொகை) என்றே எழுதினால் இரண்டிலும் ஓடும்.

அப்புறம் கவுன்ட்(*). ஒரு ஆர்டர்கூடப் போடாத வாடிக்கையாளர்களைத் தேட, வாடிக்கையாளர் டேபிளோடு ஆர்டர் டேபிளை லெஃப்ட் ஜாயின் (ஆர்டர் இல்லாத வாடிக்கையாளரையும் விடாமல் இணைப்பது) செய்து ‘ஹேவிங் கவுன்ட்(*) = 0’ என்று எழுதினால் ஒருவரும் வரமாட்டார். ஆர்டர் இல்லாதவருக்கும் நல் (NULL, அதாவது வெற்று) மதிப்போடு ஒரு வரிசை உண்டு. கவுன்ட்(*) அதையும் ஒன்று என எண்ணிவிடும். நட்சத்திரக் குறிக்குப் பதில் ஆர்டர் எண்ணைக் கொடுத்தால் நல் எண்ணிக்கையில் சேராது. இந்த மாதம் ஆர்டர் போடாதவர்கள் மட்டும் வேண்டுமென்று மாத நிபந்தனையை வேரில் சேர்த்தாலோ, நாம் தேடிய ஆட்களே உதிர்ந்துபோவார்கள். அந்த நிபந்தனைக்கு இடம், எதை வைத்து இணைப்பது என்று சொல்லும் ஜாயினின் ‘ஆன்’ (ON) பகுதி.