சைக்காலஜி முதல் பருவம்: மதிப்பெண் கசியும் இடங்கள்

"சைக்காலஜியா? லேசான பாடம்லா! கதையடிச்சே பாஸாயிரலாம்ல." பாளையங்கோட்டையில் கல்லூரி திறந்ததும் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்குச் சீனியர்கள் தரும் முதல் அறிவுரை பெரும்பாலும் இதுதான். முதல் உள்தேர்வுத் தாள் கைக்கு வரும்போது 20க்கு 8 என்று இருக்கும். பக்கம் பக்கமாக எழுதியும் எட்டுதானா என்று பிள்ளைக்கு விளங்காது. திருத்தியவருக்கு விளங்கும்: எழுதியதில் பாதி நல்ல புத்திமதி, மீதி சொந்த அபிப்பிராயம். பாடம் ஒரு பத்திகூட இல்லை.

மனசு எல்லாருக்கும் தெரிந்த சங்கதி என்பதுதான் இந்தப் பாடத்தில் இருக்கும் பொறி. வேதியியலில் 'மோல்' தெரியாவிட்டால், தெரியவில்லை என்பது உடனே தெரிந்துபோகும். உளவியலில் நினைவு, ஊக்கம், ஆளுமை எல்லாம் வீட்டில் புழங்கும் சொற்கள். அதனால் தெரியாததும் தெரிந்தது போலவே இருக்கும். 'ஈகோ'வை எடுத்துக்கொள்ளுங்கள். "அவனுக்கு ஈகோ ஜாஸ்தி" என்று தெருவில் சொன்னால் தலைக்கனம் என்று பொருள். ஃபிராய்டின் ஈகோ அது இல்லை. உடனே வேண்டும் என்று முரண்டு பிடிக்கும் இட், கூடாது என்று தடுக்கும் சூப்பர் ஈகோ, வெளியுலக நிலைமை மூன்றையும் சமாளித்து வழி தேடும் பகுதி அது. விடைத்தாளில் 'ஈகோ என்பது கர்வம்' என்று தொடங்கினால் அடுத்து வரும் இரண்டு பக்கமும் வீண். மனச்சிதைவு நோய் (ஸ்கிசோஃப்ரினியா) என்ற தமிழ்ப் பெயரும் இப்படித்தான் வழுக்கிவிடும். ஒரே ஆளுக்குள் இரண்டு ஆள் இருப்பதாகச் சினிமாவில் காட்டுவார்களே, அது வேறு கோளாறு. மனச்சிதைவில் சிதைவது சிந்தனை, உணர்ச்சி, நிஜத்தோடு உள்ள தொடர்பு ஆகியவை.

அதனால் குறிப்பேட்டில் கடைசி நான்கு பக்கங்களை ஒதுக்கி, ஒரு சொல்லுக்கு மூன்று கட்டம் போட்டு வையுங்கள்: ஊரில் என்ன பொருள், பாடத்தில் என்ன பொருள், ஓர் எடுத்துக்காட்டு. ஒரு அலகுக்குப் பத்துச் சொல் என்றால் ஐந்து அலகுக்கு ஐம்பது. தமிழில் எழுதுகிறவர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். ஒரே கருத்துக்குப் புத்தகத்துக்குப் புத்தகம் வேறு வேறு கலைச்சொல் இருக்கும். கண்டிஷனிங் என்பதை ஒரு விடையில் 'ஆக்கநிலையுறுத்தம்' என்று தொடங்கிவிட்டு நடுவில் 'நிபந்தனைப்படுத்தல்' என்று மாறினால், இரண்டையும் இரண்டு வேறு சங்கதியாக நினைத்துக் குழம்பியிருக்கிறார் என்று திருத்துகிறவர் எண்ண இடமுண்டு.

அல்வாவும் கொசுவத்தியும்

கற்றல் அலகில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். மணி அடித்து உணவு கொடுத்துக் கொடுத்து, பிறகு மணிச் சத்தத்துக்கே நாய்க்கு எச்சில் ஊற வைத்தவர் பாவ்லோ. அவருக்கு எடுத்துக்காட்டு கேட்டால் நம்மூர் பிள்ளைகள் அல்வாவை எழுதுவது சகஜம். "அல்வாவைப் பார்த்ததும் எச்சில் ஊறுகிறது, இது இயல்பான துலங்கல் (ரெஸ்பான்ஸ்)." இங்கேதான் தப்பு. வாயில் போட்ட பிறகு ஊறும் எச்சில்தான் இயல்பானது. அதை யாரும் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை. இலைப் பொட்டலத்தைக் கண்டதும், நெய் வாசனை மூக்கில் ஏறியதும் ஊறுவது கற்றது. பொட்டலமும் வாசனையும் முன்னால் வந்து சுவை பின்னால் வருவது பலமுறை நடந்ததன் விளைவு அது. அல்வாவே தின்றறியாத வெளியூர்க்காரர் முன்னால் அதே பொட்டலத்தை நீட்டினால் எச்சில் ஊறாது. இந்த ஒரு வரியை எழுதினால் கருத்து பிடிபட்டிருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. படம் போடும்போது வரிசையையும் பாருங்கள்: மணி முதலில், உணவு பிறகு. தலைகீழாகப் போட்டவர்களுக்குக் கற்றல் அரிதாகவே நடக்கும், நாய்க்கும் சரி.

நாய் கையைத் தூக்கிக் கொடுத்து பிஸ்கட் வாங்குவது பாவ்லோவுக்கு உதாரணம் ஆகாது. அது ஸ்கின்னருடைய பக்கம். அங்கே உயிரி தானாக ஒன்றைச் செய்கிறது, அதன் விளைவைப் பொறுத்து அந்தச் செயல் கூடும் அல்லது குறையும்.

ஸ்கின்னர் பக்கத்தில் ஆண்டாண்டாக வரும் தவறு ஒன்று: எதிர்மறை வலுவூட்டல் என்றால் தண்டனை என்று எழுதுவது. 'எதிர்மறை' என்றதும் கெட்டது என்று எடுத்துக்கொள்கிறார்கள். இங்கே அதற்கு அர்த்தம் ஒன்றை எடுத்துவிடுதல், அவ்வளவே. வலுவூட்டல் என்றால் செயலைக் கூட்டுவது. இரண்டே கேள்வி கேளுங்கள். ஏதாவது சேர்ந்ததா, விலகியதா? செயல் கூடியதா, குறைந்ததா? சாயங்காலம் கொசுவத்தி ஏற்றுகிறோம், கொசு போகிறது, அடுத்த நாளும் ஏற்றுகிறோம். தொல்லை விலகியது, செயல் கூடியது; ஆகவே எதிர்மறை வலுவூட்டல். ஹெல்மெட் இல்லாமல் போய் அபராதம் கட்டியவர் மறுநாள் வெறுந்தலையோடு கிளம்பவில்லை. கையிலிருந்து பணம் விலகியது, செயல் குறைந்தது, ஆகவே தண்டனை. அவரே மறுநாள் அபராதத்துக்குப் பயந்து ஹெல்மெட் மாட்டிக்கொண்டு போகிறார் என்றால், அந்த மாட்டும் செயலுக்கு அது எதிர்மறை வலுவூட்டல். எந்தச் செயலைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை முதல் வரியிலேயே சொல்லாவிட்டால் விடை இரண்டு பக்கமும் ஆடும்.

ஆய்வுமுறை அலகில் ஒட்டுறவை, அதாவது இரண்டு அளவுகள் சேர்ந்து மாறுவதை, காரணம் என்று எழுதுவது அடுத்த பிழை. குற்றாலத்தில் சாரல் நேரத்தில் குடை விற்பனையும் பஜ்ஜி விற்பனையும் சேர்ந்தே ஏறும். குடை வாங்கியதால் யாரும் பஜ்ஜி தின்னவில்லை. இரண்டுக்கும் பின்னால் மழையும் கூட்டமும் இருக்கின்றன. இதைச் சரியாகச் சொல்பவர்கள்கூட எண்ணில் தடுமாறுகிறார்கள். −0.8 என்பது +0.5ஐ விட வலுவான ஒட்டுறவு. குறி திசையைச் சொல்கிறது, எண் வலுவைச் சொல்கிறது. சாரா மாறி (சோதனையில் நாம் மாற்றிப் பார்ப்பது) எது என்று கேட்டால் 'மாணவர்கள்' என்று எழுதக் கூடாது. சத்தத்தில் படித்தவர்களும் அமைதியில் படித்தவர்களும் எத்தனை சொல் நினைவில் வைத்தார்கள் என்பது சோதனை என்றால், சத்தம் சாரா மாறி, நினைவுகூர்ந்த சொற்களின் எண்ணிக்கை சார்ந்த மாறி, மாணவர்கள் பங்கேற்பாளர்கள்.

75 மதிப்பெண்ணின் கணக்கு

திருநெல்வேலி வட்டாரக் கல்லூரிகளில் பெரிதும் பழக்கத்தில் உள்ளது 25 உள்மதிப்பீடு, 75 பருவத் தேர்வு என்ற பிரிப்பு. தன்னாட்சிக் கல்லூரிகள் இதை மாற்றி வைத்திருக்கலாம். உங்கள் பாடத்திட்டப் புத்தகத்தின் விதிமுறைப் பக்கத்தைச் சேர்ந்த வாரமே படித்துவிடுங்கள். வழக்கமான வினாத்தாளில் ஒரு மதிப்பெண் பத்து, ஐந்து மதிப்பெண் ஐந்து, எட்டு மதிப்பெண் ஐந்து: 10, 25, 40. 'இது அல்லது அது' என்று தேர்வு கொடுத்திருப்பார்கள். ஆனால் அந்த இரண்டும் ஒரே அலகிலிருந்து வரும். இதைக் கவனிக்காமல் "நாலு யூனிட் போதும், சாய்ஸ்ல விட்டுரலாம்" என்று மூளையும் நரம்பும் உள்ள அலகை விடுகிறவர்கள் எத்தனையோ பேர். அலகுக்கு 2, 5, 8 என்று 15 மதிப்பெண் அப்படியே போகும். பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல் படிக்காதவர்களுக்கு அந்த அலகு மிரட்டலாகத் தெரியும். உள்ளபடி அதில்தான் சுளையாக மதிப்பெண் வாங்கலாம். நியூரான் (நரம்பணு) படம், ஐந்து பாகம், டென்டிரைட் வாங்கும், ஆக்சான் அனுப்பும், நியூரானுக்குள் மின் செய்தி, இரண்டு நியூரான் சந்திக்கும் சினாப்ஸில் ரசாயனச் செய்தி. இதில் சொந்தக் கருத்துக்கு இடமில்லை, மதிப்பெண் வெட்டுவதற்கும் இடமில்லை.

மூன்று மணி நேரத்தை இப்படிப் பிரிக்கலாம்: ஒரு மதிப்பெண் பகுதிக்கு 10 நிமிடம், ஐந்து மதிப்பெண் ஒவ்வொன்றுக்கும் 12, எட்டு மதிப்பெண் ஒவ்வொன்றுக்கும் 18. கூட்டினால் 160. மீதி 20 வினாத்தாள் வாசிக்கவும் கடைசியில் எண் சரிபார்க்கவும். முதல் ஐந்து மதிப்பெண் கேள்விக்கே நான்கு பக்கம் எழுதி, கடைசி எட்டு மதிப்பெண்ணை அரைப் பக்கத்தில் அள்ளித் தெளிப்பதுதான் நடைமுறையில் நடக்கிறது. எட்டு மதிப்பெண் விடைக்கு வரையறை, யார் எப்போது என்ன செய்தார், கலைச்சொல்லோடு விளக்கம், ஓர் எடுத்துக்காட்டு, ஒரு குறைபாடு என்ற ஐந்தும் வேண்டும். பெரும்பாலோர் விடுவது கடைசி இரண்டை.

ஆண்டுகளை இருபது முப்பது என்று மனப்பாடம் செய்ய வேண்டாம். 1879இல் வுண்ட் லைப்சிக்கில் ஆய்வகம் தொடங்கியது, 1885இல் எபிங்காஸ் தன்னையே வைத்து மறத்தலை அளந்து வெளியிட்டது, 1913இல் வாட்சன் நடத்தைவாதத்தை (வெளியே தெரியும் நடத்தையையே ஆராய வேண்டும் என்ற கொள்கையை) முன்வைத்தது, 1916இல் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் இந்தியாவின் முதல் உளவியல் துறை வந்தது. முதல் அலகுக்கு இவை போதும். பாவ்லோவுக்கு 1904இல் நோபல் கிடைத்தது செரிமான ஆய்வுக்கு. நாய்-மணிக்கு என்று எழுதிவிடாதீர்கள்.

உள்மதிப்பீட்டில் மூன்று தேர்வில் சிறந்த இரண்டின் சராசரி என்ற முறை இருக்கும் இடங்களில், முதல் தேர்வைத் தெரிந்தே விடுகிறவர்கள் உண்டு. பிறகு மூன்றாவது தேர்வன்று காய்ச்சலோ, அக்கா கல்யாணமோ வந்தால் பூஜ்யம் சராசரிக்குள் ஏறிவிடும். பருவத் தேர்வில் தவறினால் அரியர் எழுதலாம். உள்மதிப்பெண் பெரும்பாலும் பழையதே தொடரும். இன்னொரு மாயை: 25க்கு 22 இருக்கிறது, 18 எடுத்தால் 40 ஆகிவிடும் என்பது. பருவத் தேர்வுக்கென்றே 40 விழுக்காடு வைத்திருந்தால் 75க்கு 30 வேண்டும். 29 எடுத்தவர் மொத்தம் 51 வாங்கியும் தவறியவர்தான். வருகைப்பதிவு 75 விழுக்காடு என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை.

செய்முறை ஏடு

முல்லர்-லயர் சோதனை அநேகமாக எல்லா ஏட்டிலும் இருக்கும். முனையின் வடிவத்தால் சம நீளக் கோடுகள் வேறு நீளமாகத் தெரியும் மாயக்காட்சி அது. அம்புமுனைக் கோடு நிலையானது. இறகுமுனைக் கோட்டை நகர்த்தி இரண்டும் சமமாகத் தெரியும் இடத்தில் நிறுத்த வேண்டும். இருபது முறை என்றால் பத்து முறை நீளத்திலிருந்து குறைத்தும், பத்து முறை குறைவிலிருந்து நீட்டியும் செய்ய வேண்டும். எல்லாவற்றையும் ஒரே திசையில் செய்தால் கை நகர்ந்த திசையின் பிழையும் மாயக்காட்சியின் பிழையும் கலந்துபோகும், பிரிக்க முடியாது. இறகுமுனைக் கோடு நீளமாகத் தெரிவதால் ஆள் அதைக் குட்டையாகவே நிறுத்துவார். சராசரியிலிருந்து நிலைக்கோட்டைக் கழித்தால் மைனஸ் வரும். 'மைனஸ் வந்ததால் மாயக்காட்சி இல்லை' என்று முடிவு எழுதுவது வழக்கமான பிழை. மைனஸ்தான் மாயக்காட்சிக்குச் சான்று. இருபது அளவும் ஒன்றுபோல இருந்தால் வீட்டில் உட்கார்ந்து எழுதியது என்று வாய்மொழித் தேர்வில் கேட்காமலே தெரிந்துவிடும்.

ஆளுமை வினாநிரலில் மதிப்பெண் கூடிய தோழியை 'மனநோய் உள்ளவர்' என்று எழுதாதீர்கள். நோய் கண்டறியும் கருவியும் அது இல்லை, முதலாண்டு மாணவருக்கு அந்த அதிகாரமும் இல்லை. பெயருக்குப் பதில் எண் போடுங்கள்; சம்மதம் கேட்டதை ஒரு வரியில் குறியுங்கள்.

படிக்கும் முறையிலேயே பாடத்தை மீறுகிறவர்கள்தான் வேடிக்கை. மஞ்சள் பேனாவால் கோடு போட்டு மூன்று முறை வாசிப்பார்கள். 2006இல் ரோடிகர், கார்பிக் என்ற உளவியலாளர்கள் செய்த ஆய்வில், ஐந்து நிமிடம் கழித்துப் பார்த்தபோது திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தபோது புத்தகத்தை மூடி நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்தினார்கள். தேர்வு ஐந்து நிமிடத்தில் வருவதில்லை. அம்பாசமுத்திரத்திலிருந்தோ திசையன்விளையிலிருந்தோ தினமும் பஸ்ஸில் வருகிறவர்களுக்கு அந்தப் பயண நேரமே போதும்: காலையில் நேற்றைய வகுப்பின் பத்துச் சொல்லைத் தாளைப் பார்க்காமல் சொல்லிப் பாருங்கள், சிக்கியதை மட்டும் திரும்பும்போது புரட்டுங்கள்.

முடிவு வந்தபின் மதிப்பெண் குறைந்ததாகத் தோன்றினால், விடைத்தாள் நகல் தரும் ஏற்பாடு இருந்தால் மறுமதிப்பீட்டுக்குப் பணம் கட்டும் முன் நகலை வாங்குங்கள். அறிவிப்பில் கொடுத்த கடைசி நாள் தப்பினால் கேட்க முடியாது. கையில் வந்ததும் முதலில் கூட்டல், அடுத்து திருத்தாமல் விட்ட பக்கம் ஏதும் உண்டா என்று பாருங்கள், பிறகு ஒவ்வொரு எட்டு மதிப்பெண் விடையிலும் மேலே சொன்ன ஐந்தில் எது இல்லை என்று ஓரத்தில் குறியுங்கள்.