ஓவியக் குறிப்பை எழுதாதீர்கள், முதலில் சொல்லுங்கள்

உங்கள் ஓவியங்களைப் பற்றிய கலைஞர் குறிப்பை எழுத உட்காரும் முன், ஓவியத்தோடு தொடர்பில்லாத ஒரு நண்பருக்கு அதையே வாட்ஸ்அப்பில் இரண்டு நிமிடக் குரல்பதிவாகச் சொல்லி அனுப்புங்கள். அப்புறம் அதைக் கேட்டு எழுதி, நூறு சொல்லுக்குள் சுருக்குங்கள்.

கதைக்கும்போது "ஆழ்மன உணர்வுகளின் வெளிப்பாடு" என்று யாரும் சொல்வதில்லை. "வெள்ளவத்தைக் கடலோர ரயில் பாதையை வரைகிறேன், துருவின் நிறம் வரத் தேயிலைச் சாயத்தை முதலில் பூசி, அதற்கு மேல் அக்ரிலிக் போடுகிறேன்" என்றுதான் வாயில் வரும். வாசிப்பவர் உடனே படத்தில் அந்தத் துருவைத் தேடுவார்; தேடுகிற நேரமெல்லாம் உங்கள் படத்தின் முன்னேதான் நிற்பார். 1993இலிருந்து கொழும்பில் நடந்துவரும் கலா பொல போன்ற தெருச் சந்தையில், வரிசையாக ஓவியங்கள் இருக்கும் இடத்தில், அந்தச் சில நொடிகள் பெரிய விஷயம். படித்த இடம், வாங்கிய பரிசு எல்லாம் வாழ்க்கைக் குறிப்புக்குப் போகட்டும். இன்னொன்று, இப்படிப் பிறந்த சின்ன வாக்கியங்களைச் சிங்களத்துக்கும் ஆங்கிலத்துக்கும் மாற்றுவது சுலபம். கொழும்பில் மூன்றும் வேண்டும்.

உருவங்கள் இல்லாத அரூப ஓவியம் என்றால் கருத்தை விட்டுவிட்டு, செய்த விதத்தைச் சொல்லுங்கள். நிதியுதவி, வதிவிடப் பயிற்சி (ஓரிடத்தில் தங்கி ஓவியம் வரையும் வாய்ப்பு) விண்ணப்பங்களுக்கு மட்டும் இந்த முறை சரிவராது. அங்கே அவர்கள் கேட்ட கேள்விகளுக்கு, கேட்ட வரிசையிலேயே பதில் எழுத வேண்டும்.