அம்பாசடருக்குச் சாமான் கிடைக்கும்வரை: தேடும் முறையும் வண்டியைக் காக்கும் முறையும்

உத்தர்பாராவில் அம்பாசடர் உற்பத்தி 2014 மே மாதம் நின்றது. மும்பை குர்லாவில் பிரீமியர் பத்மினி அதற்குப் பல வருடம் முன்பே நின்றுவிட்டது. சென்னையில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டும் கெஸலும் 1970-களோடு முடிந்தன. பாயிண்ட், கண்டென்சர், பிரேக் வாஷர் கிட் போன்ற ஓடுகிற சாமான்கள் அம்பாசடருக்கு இன்னும் கிடைக்கின்றன. பழைய மார்க் வண்டியின் (மார்க் 2, மார்க் 4 என்று எண்ணிட்டு வந்த பழைய அம்பாசடர் மாடல்கள்) கிரில், வளைந்த கண்ணாடி, ஸ்டியரிங் ரேக்கின் உள்சாமான் என்று வந்தால் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியதுதான்.

காத்திருக்கும் வண்டிக்குப் பெரிய செலவு வைப்பது பல நேரம் உடைந்த சாமான் இல்லை. ஃபிளைவீலோடு ஒட்டிக்கொண்ட கிளட்ச் பிளேட், துரு ஏறிய சிலிண்டர் போர் (உள்துளை), எலி கடித்த ஒயரிங், பட்டறையில் தொலைந்த பிராக்கெட்டும் போல்ட்டும்தான். அதனால் சாமான் தேடத் தொடங்கும் அன்றே வண்டியை நிறுத்திவைக்கும் வேலையையும் தொடங்கிவிட வேண்டும்.

கடைக்குப் போகும் முன்

ஆர்.சி.யில் உள்ள வருடத்தை மட்டும் சொல்லிச் சாமான் கேட்காதீர்கள். நாற்பது வருடம் ஓடிய வண்டியில் மூன்று வண்டியின் சாமான் இருக்கும். பெட்ரோல் எஞ்சின் இருந்த இடத்தில் டீசல் எஞ்சின், மார்க் 2 வண்டியில் மார்க் 4 பிரேக் டிரம் எல்லாம் சர்வசாதாரணம். கையில் இருக்கும் சாமானை அளந்து எழுதுங்கள்.

வெர்னியர் காலிபரும், திரெட்டின் (புரியின்) இடைவெளியை அளக்கும் திரெட் பிட்ச் கேஜும் வாங்கிவிடுங்கள். தவறான சாமான் ஒன்றுக்குக் கூரியர் செலவழிப்பதைவிட அவை மலிவு. எழுத வேண்டியவை: வார்ப்பில் எழும்பி நிற்கும் காஸ்டிங் எண், உள்விட்டம், வெளிவிட்டம், நீளம், போல்ட் துளைகளுக்கு இடையே மையத்திலிருந்து மையத்துக்கான தூரம், திரெட், இடதா வலதா. பக்கத்தில் ஸ்கேல் வைத்து நாலு பக்கமும் படம் எடுங்கள். சேஸிஸ் எண், எஞ்சின் எண் இரண்டையும் வண்டியிலிருந்தே பார்த்து எழுதுங்கள்.

திரெட்டில் கூடுதல் கவனம் வேண்டும். அம்பாசடர் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து வந்தது, அதனால் பெரும்பாலும் அங்குலக் கணக்கு. பத்மினி ஃபியட்டிலிருந்து வந்தது, மில்லிமீட்டர் கணக்கு. பிரேக் பைப் நட்டில் இது ஆபத்தாக முடியும். 3/8 அங்குல யு.என்.எஃப். (அங்குலக் கணக்கின் நெருக்கமான புரி) நட்டின் விட்டம் 9.5 மி.மீ., ஒரு புரிக்கு 1.06 மி.மீ. எம்10 (10 மி.மீ. விட்டம்) துளையின் பிட்ச், அதாவது ஒரு புரிக்கான தூரம், 1 மி.மீ. அந்த அங்குல நட்டு எம்10 துளைக்குள் கொஞ்சம் ஆட்டத்தோடு ஏறிவிடும், பிடித்தது போலவும் தெரியும். முழு அழுத்தத்தில் பிரேக் மிதிக்கும்போது புரி உரிந்து வெளியே வந்துவிடும். நட்டு கையால் நாலைந்து சுற்று ஆட்டமில்லாமல் ஏறினால்தான் அது சரியான நட்டு. பைப் முனையின் ஃபிளேர் (விரித்த வாய்) வடிவமும் உட்காரும் இடத்தின் வடிவமும் ஒன்றாக இருக்கிறதா என்றும் பாருங்கள். ஃபிளேர் ஒழுகினால் டெஃப்லான் டேப் சுற்றி அடைக்கப் பார்க்க வேண்டாம். அங்கே சீல் செய்வது ஃபிளேர், புரி இல்லை.

எங்கே தேடுவது

சென்னையில் புதுச் சாமானுக்கு ஜி.பி. ரோடு, கழற்றிய சாமானுக்குப் புதுப்பேட்டை. அம்பாசடருக்குக் கொல்கத்தாவின் மல்லிக் பஜாரையும், பொதுவாக எல்லாப் பழைய இந்திய வண்டிகளுக்கும் டெல்லி கஷ்மீரி கேட்டையும் விசாரியுங்கள். ஒரே நேரத்தில் மூன்று இடத்தில் சொல்லி வையுங்கள். ஆனால் பணம் ஒரு இடத்தில் மட்டும் கொடுங்கள். அதுவும் சாமானின் மேல் உங்கள் பெயரும் அன்றைய தேதியும் எழுதிய சீட்டு வைத்து எடுத்த படம் வந்த பிறகு. பொருந்தாவிட்டால் திருப்பி எடுப்பார்களா என்பதை வாட்ஸாப்பிலாவது எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டில் தேடுவதானால் அம்பாசடர் என்று தேடாதீர்கள். 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சின் பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) பி-சீரிஸ் குடும்பத்தைச் சேர்ந்தது, போர் 73.025 மி.மீ., ஸ்ட்ரோக் 88.9 மி.மீ. மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்ட் சீரிஸ் 3, எம்.ஜி.ஏ. 1500 என்ற பெயர்களில் தேடினால் பிஸ்டன், ரிங், வால்வு, கேஸ்கெட் எல்லாம் இங்கிலாந்தில் கிடைக்கும். ஹெரால்டுக்கு டிரையம்ஃப் ஹெரால்ட் என்று தேட வேண்டும். சுங்கவரி பொருளின் விலைக்கு மட்டும் போடப்படுவதில்லை. அனுப்பும் செலவையும் காப்பீட்டையும் சேர்த்த தொகைக்குப் போடுவார்கள். இன்வாய்ஸில் சாமானின் பெயர், எண்ணிக்கை, விலை, புதியது என்ற விவரம் தெளிவாக இல்லாவிட்டால் பார்சல் சுங்கத்திலேயே கிடக்கும்.

பழைய ஸ்டாக்கைப் பற்றி ஒரு எச்சரிக்கை. இருபது வருடம் பெட்டியில் இருந்த கியர், ஷாஃப்ட், போல்ட் புதியதைப் போலவே இருக்கும், தாராளமாக வாங்கலாம். அதே பெட்டியில் இருந்த ரப்பர் வேண்டாம். பிரேக் கப், ஹோஸ், ஃப்யூயல் பம்ப் டயாஃப்ரம் எல்லாம் உபயோகிக்காமலே இறுகிப்போகும். மடக்கிப் பார்த்து மேலே மெல்லிய வெடிப்புத் தெரிந்தால் கம்பெனி பெட்டியில் இருந்தாலும் ஒதுக்கிவிடுங்கள்.

காரின் பெயரே தேவைப்படாத சாமான்கள்

மாதக்கணக்கில் தேடப்படும் சாமான்களில் பல, பக்கத்துத் தெருவிலேயே இருக்கும். பேரிங்கின் விளிம்பில் எண் வெட்டியிருக்கும். பேரிங் கடைக்கு அந்த எண் போதும். ஆயில் சீலுக்கு மூன்று அளவு: ஷாஃப்ட் விட்டம், வெளிவிட்டம், அகலம். இயந்திர சீல் விற்கும் கடையில் அந்த அளவைச் சொன்னால் எடுத்துத் தருவார்கள். ஷாஃப்டில் பழைய சீல் உரசிப் பள்ளம் விழுந்திருந்தால், புதிய சீலை ஒன்றிரண்டு மி.மீ. தள்ளி உட்காரவைத்தால் உதடு நல்ல இடத்தில் படும். கதவு பீடிங் ரப்பர் மீட்டர் கணக்கில் விற்கிறது. பழையதில் 5 செ.மீ. துண்டு வெட்டி எடுத்துப் போங்கள், படம் போதாது. தட்டையான கண்ணாடியை அட்டையில் வார்ப்புரு வெட்டிக் கொடுத்துச் செய்விக்கலாம். டஃபன் (சூடாக்கிக் கடினமாக்கிய) கண்ணாடி வேண்டுமானால் முதலில் வெட்டி, விளிம்பு தேய்த்து, துளை போட்டு, அதன் பிறகே டஃபன் செய்ய வேண்டும். டஃபன் செய்தபின் வெட்டினால் தூள்தூளாகிவிடும்.

உள்ளதையே உயிர்ப்பிப்பது

புது வீல் சிலிண்டர் (சக்கரத்தில் பிரேக் ஷூவைத் தள்ளும் சிலிண்டர்) கிடைக்காதபோது நல்ல வழி ஸ்லீவ் (உள்ளே ஏற்றும் குழாய்) போடுவது. துருக்குழி விழுந்த போரை லேத்தில் பெரிதாக்கி, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் அல்லது பித்தளை ஸ்லீவை இறுக்கமாக ஏற்றி, பழைய அளவுக்கே ஹோன் செய்ய (உள்ளே தேய்த்து வழவழப்பாக்க) வேண்டும். 3/4 அங்குலம் என்றால் 3/4 அங்குலம்தான். ஒரு சக்கரத்தில் மட்டும் அளவு கூடினால் பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும். ஸ்லீவ் போட்டதும் ஃப்ளூயிட் வரும் துளையையும் ஏர் எடுக்கும் துளையையும் மறுபடி துளைப்பார்கள். அந்தத் துளையின் உள்விளிம்பில் பிசிறு இருக்கிறதா என்று சுண்டுவிரலால் தடவிப் பாருங்கள். அந்தப் பிசிறு புது ரப்பர் கப்பை ஒரே வாரத்தில் அறுத்துவிடும். ஸ்லீவ் போட்டும் ஒழுகுகிறது என்று வரும் புகாரில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

பிரேக் ஷூவும் கிளட்ச் பிளேட்டும் புதிதாகக் கிடைக்காவிட்டால் லைனிங் கடையில் புது லைனிங் ரிவிட் அடிக்கலாம். டிரம்மை லேத்தில் கடைந்திருந்தால் அந்த டிரம்மையும் சேர்த்தே கொடுங்கள். லைனிங்கின் வளைவை அதற்கேற்பத் தேய்த்துத் தர வேண்டும். ரேடியேட்டருக்கு மேல்தொட்டி கீழ்த்தொட்டியை வைத்துக்கொண்டு கோர் மட்டும் மாற்றலாம்.

வார்ப்புச் சாமான் உடைந்து எங்கும் கிடைக்காவிட்டால் புதிதாக வார்க்கலாம். கோயம்புத்தூரில் சிறிய அளவில் வார்த்துத் தரும் ஃபவுண்ட்ரிகள் உண்டு. பழைய சாமானையே மணலில் பதித்து வார்த்தால் புதியது சின்னதாக வரும். வார்ப்பிரும்பு ஆறும்போது ஏறக்குறைய 1 சதவீதமும் அலுமினியம் சுமார் 1.3 சதவீதமும் சுருங்கும். 200 மி.மீ. நீளத்தில் 2 மி.மீ. குறைந்தால் போல்ட் துளை எதுவும் பொருந்தாது. எனவே சுருக்கத்தைச் சேர்த்து மரத்தில் பேட்டர்ன் (வார்ப்பு மாதிரி) செய்யச் சொல்லுங்கள். லேத்தில் கடைய வேண்டிய முகங்களில் 2 முதல் 3 மி.மீ. கூடுதலாக விடச் சொல்லுங்கள். துளைகளை வார்க்க வேண்டாம், பிறகு போட்டுக்கொள்ளலாம்.

தற்காலிகமாக வேறு வண்டிச் சாமான் போடுவதிலும் எல்லை உண்டு. மெக்கானிக்கல் ஃப்யூயல் பம்ப் வரும்வரை எலெக்ட்ரிக் பம்ப் போடலாம், ஆனால் கார்புரெட்டர் வண்டிக்கான 3 பி.எஸ்.ஐ. அளவு பம்ப்தான் வேண்டும். எம்.பி.எஃப்.ஐ. வண்டியின் (கார்புரெட்டர் இல்லாமல் பெட்ரோலைப் பீய்ச்சும் வண்டி) பம்ப் 40 பி.எஸ்.ஐ.க்கு மேல் தள்ளும்; கார்புரெட்டரில் பெட்ரோலை அடைக்கும் ஃபுளோட் ஊசி அதைத் தாங்காது, பெட்ரோல் பொங்கிச் சூடான மேனிஃபோல்டில் விழும். ஸ்டியரிங் ஆர்ம், டிராக் ராடு, பிரேக், ஹப் இவற்றில் வெல்டிங் வைத்துச் சமாளிப்பது ஒரு நாளைக்குக்கூடக் கூடாது. அந்தச் சாமான் வரும்வரை வண்டி நிற்கட்டும்.

எஞ்சினையே மாற்றிவிடலாம் என்று தோன்றினால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஆர்.சி.யில் அதைப் பதிய வேண்டும். 50 வருடம் கடந்த வண்டியை 2021-இல் வந்த விண்டேஜ் விதியின் கீழ்ப் பதிய நினைப்பவர்கள் இன்னும் யோசிக்க வேண்டும்: சேஸிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் செய்த வண்டி அந்தப் பதிவுக்குத் தகுதி இழக்கும்.

நிறுத்தி வைப்பது

ஒரு மாதத்துக்கு மேல் ஆகும் என்று தெரிந்தால் பட்டறையில் விடாதீர்கள். அங்கே ஓடாத வண்டி முதலில் தெருவுக்குப் போகும், பிறகு அதன் சாமான் ஒவ்வொன்றாக வேறு வண்டிக்குப் போகும். வீட்டுக்குக் கொண்டு வாருங்கள். பிரேக் பிரித்திருந்தால் கயிறு கட்டி இழுக்காமல் மேலே ஏற்றிக்கொண்டு வர வேண்டும்.

கழற்றிய போல்ட், வாஷர் எல்லாம் இடத்துக்கு ஒரு ஜிப் பை, பைக்குள் பென்சிலில் எழுதிய சீட்டு. மார்க்கர் மை ஆயில் பட்டால் அழியும். உடைந்த சாமானைப் பழைய இரும்புக் கடைக்கு அனுப்பவே கூடாது. புதியது வந்து பொருந்தி ஓடும்வரை அதுதான் உங்கள் பேட்டர்ன். காத்திருக்கும் நாளில் இன்னும் நாலு இடத்தைப் பிரிக்கக் கை துடிக்கும். வேண்டாம். பிரித்த இடம் கூடக் கூடத் தொலைவதும் கூடும், திரும்பப் பூட்டும் ஆர்வமும் குறையும்.

பெட்ரோல்: மூன்று மாதத்துக்கு மேல் என்றால் டேங்கையும் கார்புரெட்டர் கிண்ணத்தையும் காலி செய்யுங்கள். இப்போது பங்கில் வரும் இ20 பெட்ரோலில் உள்ள எத்தனால் ஈரத்தை இழுக்கும். பழைய ரப்பர் ஹோஸையும் கரைக்கும். டீசல் வண்டிக்கு நேர்மாறு, டேங்கை நிரப்பி வையுங்கள்.

எஞ்சின் பூட்டியிருந்தால் பிளக்கைக் கழற்றி, சிலிண்டருக்கு இரண்டு டீஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு, மாதம் ஒருமுறை கிராங்க் புல்லி நட்டில் ஸ்பேனர் போட்டு இரண்டு சுற்றும் கொஞ்சமும் சுற்றுங்கள். முன்பு நின்ற இடத்திலேயே பிஸ்டன் நிற்கக் கூடாது. ஹெட் கழற்றியிருந்தால் போர் சுவரில் ஆயில் தடவி பிளாஸ்டிக் ஷீட்டால் மூடுங்கள். காட்டன் வேஸ்ட் திணித்தால் அது ஈரத்தைப் பிடித்து வைத்து, பட்ட இடத்தில் வட்டமாகத் துரு ஏற்றும். வாட்டர் பம்புக்குக் காத்திருப்பதானால் ரேடியேட்டரோடு நிறுத்தாமல் பிளாக்கில் உள்ள குழாயையும் திறந்து தண்ணீரை முழுக்க வடியுங்கள்.

திறந்து கிடக்கும் ஒவ்வொரு பைப் வாயையும் மூடியால் அடையுங்கள். நம் ஊரில் குளவி இரண்டே நாளில் மண் வைத்து அடைத்துவிடும். பிரேக் பைப்பில் போன மண் புது மாஸ்டர் சிலிண்டரைக் கீறும். சைலன்சர் வாயில் கம்பி வலை கட்டினால் எலி நுழையாது.

ஹேண்ட்பிரேக் போடாதீர்கள், ஷூ டிரம்மில் ஒட்டும். சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். கிளட்ச் பெடலை மாதம் இருபது தடவை மிதியுங்கள். வீல் சிலிண்டர் ஏதாவது ஒன்று வெளியே இருந்தால் பிரேக் பெடலை யாரும் மிதிக்காதபடி ஸ்டியரிங்கில் சீட்டுக் கட்டுங்கள். டயரில் வழக்கத்தைவிட 10 பி.எஸ்.ஐ. கூடுதல் காற்று, அல்லது ஆக்சிலுக்கு அடியில் ஸ்டாண்ட். பேட்டரியை எடுக்கும்போது பாடியோடு எர்த் ஆன முனையை முதலில் கழற்றுங்கள். டைனமோ வைத்த பழைய அம்பாசடர்களில் அது பாசிட்டிவாக இருக்கலாம். 12.4 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் சார்ஜ் போடுங்கள். தார்ப்பாய் போட்டு மூடினால் உள்ளே வியர்த்துப் பெயிண்ட் கொப்புளிக்கும், பருத்தித் துணி உறை நல்லது.

சாமான் வந்த அன்று

பெட்டியைத் திறப்பதை வீடியோ எடுங்கள். பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்து, எழுதி வைத்த அளவு ஒவ்வொன்றையும் சரிபார்த்த பிறகே கேஸ்கெட், சீலண்ட் பக்கம் போங்கள். சீலண்ட் பூசிய சாமானைக் கடைக்காரர் திரும்ப எடுக்கமாட்டார். கிளைகால் பிரேக் ஃப்ளூயிட்டைப் புது டப்பாவிலிருந்து விடுங்கள். திறந்து வைத்திருந்த டப்பா காற்றின் ஈரத்தைக் குடித்திருக்கும், அது உங்கள் புது ஸ்லீவின் பக்கத்திலேயே துருவைத் தொடங்கும்.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன் பிளக் இல்லாமல் ஆயில் பிரஷர் ஏறும்வரை ஸ்டார்ட்டரால் சுற்றுங்கள், பத்து விநாடிக்கு ஒருமுறை நிறுத்தி. பிறகு காலியான தெருவில் மெதுவாக 5 கி.மீ. ஓட்டி வந்து நாலு டிரம்மையும் புறங்கையால் அணுகிப் பாருங்கள். ஒன்று மட்டும் கொதித்தால் அந்தச் சக்கரத்தின் ஷூ திரும்பி வரவில்லை. அட்ஜஸ்டரை இரண்டு பல் தளர்த்தி மறுபடி ஓட்டுங்கள். அப்போதும் கொதித்தால் ரிட்டர்ன் ஸ்பிரிங்கையும் ஹோஸின் உட்புறத்தையும் பாருங்கள். பழைய ஹோஸ் உள்ளே வீங்கி ஃப்ளூயிட்டைத் திரும்ப விடாமல் பிடித்துக்கொள்ளும்.