கட்டாயச் சங்கச் சந்தாவை எதிர்க்கிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

2011-இல் மிச்சிகனில் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், என் கையில் ஒரு கத்தைத் தாள் கொடுத்தார்கள். மருத்துவக் காப்பீடு, வரிப் பிடித்தம், வங்கிக் கணக்கு எண், அதற்கு நடுவில் ஒரு மஞ்சள் தாள். அதில் மட்டும் கையெழுத்துக்கு இரண்டு கோடு இருந்தது. ஏன் இரண்டு என்று கேட்டேன். எல்லாரும் போடுவதுதான் என்றார்கள், போட்டேன். முதல் கோடு சங்கத்தில் உறுப்பினராகச் சேர, இரண்டாவது கோடு சந்தாவைச் சம்பளத்திலேயே பிடித்துக்கொள்ள. இரண்டும் தனித்தனிச் சம்மதம் என்பதும், உறுப்பினராகச் சேராமலே அங்கே வேலை பார்த்திருக்கலாம் என்பதும் எனக்குத் தெரிய இரண்டு வருஷம் ஆனது.

அன்றிலிருந்து நான் கட்டாயத்துக்கு எதிரானவன், இன்றைக்கும் அப்படித்தான். ஆனால் என் பக்கம் நிற்பவர்கள் பேசுவதைக் கேட்டால் பல நேரம் வருத்தமாக இருக்கிறது. நியாயமான ஒரு விஷயத்தைத் தப்பான தகவலோடு சொல்லி, எதிரில் இருப்பவர் இரண்டு கேள்வி கேட்டதும் தடுமாறிப் போகிறார்கள். அமெரிக்காவில் இருக்கும் நம் ஆட்களும் சரி, ஊரிலிருந்து இதைக் கவனிப்பவர்களும் சரி, திரும்பத் திரும்ப ஒரே இடங்களில்தான் சறுக்குகிறார்கள்.

பெயரிலேயே முதல் குழப்பம் வந்துவிடுகிறது. 'ரைட் டு ஒர்க்' சட்டம் என்பதை 'வேலை உரிமைச் சட்டம்' என்று தமிழில் எழுதிவிடுகிறார்கள். படிப்பவருக்கு உடனே நம் அரசியல் சட்டத்தின் 41-ஆவது பிரிவோ நூறு நாள் வேலையோ நினைவுக்கு வரும். இந்தச் சட்டம் யாருக்கும் வேலை தருவதில்லை. சங்கத்துக்குப் பணம் கட்டினால்தான் வேலையில் நீடிக்கலாம் என்று நிர்வாகமும் சங்கமும் ஒப்பந்தம் போட்டுக்கொள்ளக் கூடாது, அவ்வளவுதான் அதன் சாரம். இன்னும் சிலர், காரணம் சொல்லாமலே ஆளை வேலையை விட்டு அனுப்பலாம் என்கிற அமெரிக்க வழக்கத்துக்கும் இதுதான் பெயர் என்று நினைக்கிறார்கள். அது வேறு, இது வேறு. இந்தச் சட்டம் இல்லாத மாநிலங்களிலும் அந்த வழக்கம் உண்டு.

பெயர் வந்த கதையையும் மறைக்காதீர்கள். 1941-இல் டல்லாஸ் பத்திரிகை ஒன்றில் வில்லியம் ரக்கிள்ஸ் எழுதிய தலையங்கத்திலிருந்து பரவிய பெயர் இது. அதை ஊர் ஊராகக் கொண்டுபோனவர்களில் முக்கியமானவர் டெக்சஸைச் சேர்ந்த வான்ஸ் மியூஸ். வெள்ளைக்காரத் தொழிலாளிகளும் கறுப்பினத் தொழிலாளிகளும் ஒரே சங்கத்தில் உட்கார வேண்டிவரும் என்று பயம் காட்டி ஆதரவு திரட்டியவர் அவர். மார்ட்டின் லூதர் கிங்கும் 1961-இல் இந்தச் சட்டங்களை வெளிப்படையாக எதிர்த்தார். இதையெல்லாம் எதிராளி எடுத்துப் போடும்போது முதல் முறையாகக் கேட்பவர் மாதிரி விழிக்கக் கூடாது. மியூஸ் சொன்ன காரணம் அசிங்கமானது. ஒருவரின் சம்மதம் இல்லாமல் அவர் சம்பளத்தில் கை வைக்கக் கூடாது என்பது வேறு காரணம், அது தன் காலில் நிற்கும்.

அடுத்து, 'அமெரிக்காவில் சங்கத்தில் சேர்ந்தே ஆகணும், இல்லைன்னா வேலை போயிடும்' என்று சொல்வது. ஒரு காலத்தில் அது உண்மை. சங்க உறுப்பினரை மட்டுமே வேலைக்கு எடுக்கும் முறை, 'குளோஸ்டு ஷாப்' என்பார்கள், பல தொழில்களில் இருந்தது. 1947-இல் அதிபர் ட்ரூமன் வீட்டோ செய்தும் அதை மீறி அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் நிறைவேற்றிய டாஃப்ட்-ஹார்ட்லி சட்டம் அதைத் தடை செய்தது. மாநிலங்கள் விரும்பினால் இன்னும் ஒரு படி மேலே போய்ச் சந்தாக் கட்டாயத்தையே தடுக்கலாம் என்று வழிவிட்டதும் அதே சட்டத்தின் 14(பி) பிரிவுதான். 1963-இல் ஜெனரல் மோட்டார்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், 'உறுப்பினர்' என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தாலும் கேட்க முடிந்தது பணம் மட்டுமே என்றது. 1988-இல் பெக் வழக்கில், அந்தப் பணத்திலும் பேச்சுவார்த்தைக்கும் ஒப்பந்தத்தை நடத்துவதற்கும் ஆகும் செலவை மட்டும்தான் மறுப்பவரிடம் வாங்கலாம், அரசியல் செலவை வாங்கக் கூடாது என்றது. ஆக, தனியார் துறையில் இன்று இருப்பது கட்டாய உறுப்பினர் முறை இல்லை. சில மாநிலங்களில் இருக்கும் கட்டாயக் கட்டணம்தான். எதிர்ப்பதானால் இந்தக் கட்டணத்தைச் சொல்லி எதிர்க்கணும்.

உண்மையான கட்டாய உறுப்பினர் முறைக்கு உதாரணம் வேண்டுமென்றால் பிரிட்டனைப் பாருங்கள். அங்கே ரயில்வேயில் சங்கத்தில் சேர மறுத்த மூன்று பேர் 1976-இல் வேலையை இழந்தார்கள், 1981-இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தில் ஜெயித்தார்கள்.

தனியார், அரசு என்கிற பிரிவை மறந்துவிடுவதும் ரொம்ப சகஜம். 2018 ஜூனில் ஜேனஸ் வழக்கில் ஐந்துக்கு நான்கு என்று தீர்ப்பு வந்தது. இல்லினாய் மாநில அரசு ஊழியர் ஒருவர், மாதம் 45 டாலர் அளவில் தன்னிடம் பிடித்த கட்டணத்தை எதிர்த்துப் போன வழக்கு அது. அரசோடு பேசும் சங்கம் எதைக் கேட்டாலும் அது அரசியல் பேச்சுதான், அதற்குப் பணம் கொடுக்கச் சொல்வது கருத்துச் சுதந்திரத்துக்கு விரோதம் என்றது பெரும்பான்மை. அந்தத் தீர்ப்பு அரசு ஊழியர்களுக்கு மட்டும்தான். தனியார் கம்பெனியில் வேலை செய்யும் ஒருவர் அதைக் காட்டி நாளையிலிருந்து கட்ட மாட்டேன் என்றால், மாநிலத்தைப் பொறுத்து அவர் வேலையே போகலாம். இப்போது 26 மாநிலங்களில் ரைட் டு ஒர்க் சட்டம் இருக்கிறது. எங்கள் மிச்சிகனில் 2013-இல் நடைமுறைக்கு வந்து, 2023-இல் ரத்தாக்கப்பட்டு, 2024 பிப்ரவரியோடு போய்விட்டது. அப்புறம், விமானம், ரயில் இரண்டுக்கும் தனிச் சட்டம். டெக்சஸில் இருந்தாலும் விமானப் பணிப்பெண்ணிடம் ஒப்பந்தப்படி கட்டணம் வாங்கலாம், மாநிலச் சட்டம் அங்கே செல்லாது.

இனி நான் முக்கியமாக நினைக்கும் இடம். 'நான் பணம் கட்டலை, எனக்குச் சங்கம் எதுவும் செய்ய வேண்டாம், விஷயம் முடிஞ்சது' என்று நம்மவர்கள் ரொம்ப எளிதாகச் சொல்கிறார்கள். முடியாது. அமெரிக்கச் சட்டப்படி, ஒரு பிரிவில் பெரும்பான்மை தேர்ந்தெடுத்த சங்கம் அந்தப் பிரிவில் உள்ள எல்லாருக்கும் ஒரே பிரதிநிதி. உறுப்பினரும் அதில் அடக்கம், உறுப்பினராக இல்லாதவரும் அடக்கம், எதிர்த்து ஓட்டுப் போட்டவரும் அடக்கம். நான் தனியாக மேலாளரிடம் போய் என் சம்பளத்தைப் பேசி முடித்துக்கொள்ள முடியாது. இது 1935-ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே இருக்கிறது. சென்னைப் பக்கம் ஒரே ஆலை வாசலில் நாலு கொடிக்கம்பம், நாலு சங்கம் பார்த்து வளர்ந்த நமக்கு இது பிடிபடவே கொஞ்ச காலம் ஆகும்.

எல்லாருக்கும் பிரதிநிதி என்றால் எல்லாருக்கும் நியாயமாக நடக்க வேண்டும் என்கிற கடமையும் கூடவே வந்தது. அந்தக் கடமை பிறந்த வழக்கு 1944-இல் வந்த ஸ்டீல் வழக்கு. ரயில் எஞ்சினில் கரி அள்ளிப் போடும் கறுப்பினத் தொழிலாளிகளைச் சங்கத்தில் சேர்க்கவே மாட்டார்கள். ஆனால் அவர்கள் சார்பாகவும் பேச அதே சங்கத்துக்குத்தான் அதிகாரம். அந்த அதிகாரத்தை வைத்து அவர்கள் வேலையையே வெள்ளைக்காரர்களுக்கு மாற்றிவிட ஒப்பந்தம் போட்டது சங்கம். அதிகாரத்தைச் சட்டம் கொடுக்கிறது, அப்படியானால் உறுப்பினராக இல்லாதவருக்கும் பாகுபாடு இல்லாமல் நடக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது.

இதை நான் நேரிலேயே பார்த்தேன். 2013-இல் மிச்சிகனில் ரைட் டு ஒர்க் சட்டம் வந்த பிறகு எங்கள் ஷிஃப்டில் ஒருவர் சந்தாவை நிறுத்தினார். அடுத்த வருஷமே, நேரத்துக்கு வரவில்லை என்று அவருக்கு மெமோ. சங்கத்தின் ஸ்டூவர்ட், அதாவது ஆலைக்குள் தொழிலாளிகளின் புகாரைக் கவனிக்கும் சங்கப் பிரதிநிதி, உணவு இடைவேளையில் அவரை உட்கார வைத்து, கார்டு தேய்த்த நேரங்களை ஒரு சின்ன நோட்டில் வரிசையாக எழுதிக்கொண்டு, வாசலில் இருந்த மெஷின் ஏழு நிமிஷம் முன்னால் ஓடுகிறது என்று கண்டுபிடித்து, மெமோவை வாபஸ் வாங்க வைத்தார். அவர் கட்டாத பணம் நாங்கள் கட்டியது. எனக்கு அது உறுத்தியது, பொய் சொல்ல மாட்டேன். அதே சமயம், அதற்கு முன்னால் நான் மாதம் தவறாமல் கட்டிக்கொண்டிருந்தபோது ஷிஃப்ட் மாற்றம் பற்றி நான் கொடுத்த புகாரை இன்னொருவர் ஐந்து மாதம் கையிலேயே வைத்திருந்தார். அதுவும் உறுத்துகிறது.

ஓசியில் பலன் அனுபவிக்கிறார்கள் என்று சங்கம் சொல்வதும் உண்மை. நான் கேட்காத பிரதிநிதிக்கு என்னிடம் ஏன் பணம் என்று நாம் கேட்பதும் உண்மை. இரண்டுக்கும் காரணம் அந்த ஒற்றைப் பிரதிநிதி ஏற்பாடுதான். அதைப் பற்றிப் பேசாமல் கட்டணத்தை மட்டும் பேசினால் நம் வாதம் பாதியில் நிற்கும். உறுப்பினர்களுக்கு மட்டும் சங்கம் பேசட்டும், மற்றவர்கள் தங்கள் பாட்டைத் தாங்களே பார்த்துக்கொள்ளட்டும் என்று சொல்லத் தயாரா? நான் தயார். ஆனால் போட்டிச் சங்கம் உள்ளே வராது என்பதால் சங்கங்களுக்கும் இந்த ஏற்பாடு பிடிக்கும், ஒரே ஒப்பந்தத்தோடு வேலை முடியும் என்பதால் பல நிர்வாகங்களுக்கும் பிடிக்கும். மாறுவது எளிதில்லை.

ரைட் டு ஒர்க் சட்டம் வந்தால் சங்கம் செத்துவிடும் என்று சங்கத்துக்காரர்கள் சொல்கிறார்கள், நம்மில் சிலர் அதையே ஆசையாகச் சொல்கிறார்கள். இரண்டு பேருக்கும் லாஸ் வேகாஸைக் காட்டலாம். நெவாடா 1950-களிலிருந்தே ரைட் டு ஒர்க் மாநிலம். அங்கே ஹோட்டல் அறை சுத்தம் செய்பவர்கள், சமையல்காரர்கள், பரிமாறுபவர்கள் என்று ஏறக்குறைய 60,000 பேர் கலினரி சங்கத்தில் இருக்கிறார்கள், யாரும் கட்டாயப்படுத்தாமல். டென்னசியிலும் அதே சட்டம்தான். அங்கே சட்டனூகாவின் ஃபோக்ஸ்வேகன் ஆலையில், சங்கம் வேண்டுமா என்ற ஓட்டில் 2014-இலும் 2019-இலும் தோற்ற வாகனத் தொழிலாளர் சங்கம் 2024 ஏப்ரலில் 2,628-க்கு 985 என்று ஜெயித்தது. பணம் தானாக வராது என்று தெரிந்த சங்கம் ஆளைத் தேடி வரும். நான் கட்டாயம் வேண்டாம் என்பதற்கு இதுவே போதுமான காரணம்.

சங்கம் அமைக்கும் முறையை மாற்றும் மசோதாக்களைப் பற்றிப் பேசும்போது நடக்கும் தவறு இன்னொரு வகை. 2007-இல் கீழவையில் நிறைவேறி மேலவையில் தேங்கி, 2009-இல் மறுபடி வந்த எம்ப்ளாயி ஃப்ரீ சாய்ஸ் மசோதாவை நம் பக்கத்தில் பலர் ரகசிய வாக்கெடுப்பை ஒழிக்கும் மசோதா என்றார்கள். இப்போதைய முறையில் 30 சதவீதம் பேர் சங்கம் வேண்டும் என்ற அட்டையில் கையெழுத்துப் போட்டால் தேசியத் தொழிலாளர் உறவு வாரியம் தேர்தல் நடத்தும். அந்த மசோதாப்படி, பாதிக்கு மேல் கையெழுத்து வந்துவிட்டால் தேர்தல் இல்லாமலே வாரியம் சங்கத்தை அங்கீகரிக்கும். வாக்கெடுப்பு சட்டப் புத்தகத்திலிருந்து போகாது, ஆனால் அட்டை சேகரிப்பவர் நினைத்தால் அது நடக்காது. சொல்வதானால் இப்படித் துல்லியமாகச் சொல்லணும். வண்டி நிறுத்துமிடத்தில் உங்கள் பக்கத்து மெஷின்காரர் பேனாவை நீட்டிக்கொண்டு நிற்கும்போது போடும் கையெழுத்துக்கும், திரைக்குப் பின்னால் போடும் ஓட்டுக்கும் வித்தியாசம் உண்டு. 1972-இல் ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளராக நின்ற, சங்கங்களின் நீண்ட கால நண்பர் என்று தன்னைச் சொல்லிக்கொண்ட ஜார்ஜ் மெக்கவர்னே 2008-இல் இதை எதிர்த்து எழுதினார். நம் ரயில்வேயில் 2024 டிசம்பரில் எந்தச் சங்கத்துக்கு அங்கீகாரம் என்று ரகசிய ஓட்டு நடந்ததே, அந்தப் பெட்டியின் அருமை ரயில்வேக்காரர்களுக்குத் தெரியும்.

ஆனால் மறுபக்கத்தையும் ஒத்துக்கொள்ளுங்கள். மனு போட்ட நாளுக்கும் ஓட்டு நாளுக்கும் நடுவில் நிர்வாகம் வேலை நேரத்திலேயே கூட்டம் போட்டு மிரட்டிய, முன்னால் நின்றவர்களை வேலையை விட்டுத் தூக்கிய சம்பவங்கள் வாரியத்தின் வழக்குகளில் நிறைய இருக்கின்றன. பெட்டி இருந்தால் போதும், எல்லாம் சரியாகிவிடும் என்பது உண்மை இல்லை. இன்னொன்று, அட்டையைப் பற்றியே பேசி அதே மசோதாவின் அடுத்த பகுதியை நம் ஆட்கள் விட்டுவிட்டார்கள். புதிய சங்கமும் நிர்வாகமும் 90 நாள் பேசி, அப்புறம் 30 நாள் சமரசம் பார்த்தும் முடியவில்லை என்றால், நடுவர் குழு எழுதுவதுதான் இரண்டு வருஷ ஒப்பந்தம். அதன் மேல் தொழிலாளிக்கு ஓட்டே கிடையாது. என்னைக் கேட்டால் அட்டையைவிட இதுதான் கவலைப்பட வேண்டிய பகுதி.

ஊழலை எடுத்துக்கொண்டு சங்கம் என்றாலே இப்படித்தான் என்பதும் வேண்டாம். வாகனத் தொழிலாளர் சங்கத்தின் முன்னாள் தலைவர்கள் இரண்டு பேர், டென்னிஸ் வில்லியம்ஸும் கேரி ஜோன்ஸும், சங்கப் பணத்தைச் சொந்த சொகுசுக்குச் செலவழித்த வழக்கில் சிறைத் தண்டனை பெற்றார்கள். அதன் பிறகு தலைவரை நேரடியாக நாங்களே தேர்ந்தெடுக்கிறோம் என்று 2021-இல் ஓட்டுப் போட்டு மாற்றியவர்கள் உறுப்பினர்கள். வெளியே போனவர்களுக்கு அந்த ஓட்டு இல்லை. ஒப்பந்தத்தை ஏற்கலாமா என்ற ஓட்டும் பெரும்பாலும் அவர்களுக்குக் கிடைப்பதில்லை. விலகுவதற்கு முன் இதை யோசியுங்கள்.

இது அமெரிக்கக் கதை, நமக்கென்ன என்று ஊரில் இருப்பவர்கள் நினைக்க வேண்டாம். 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பின்படி, பல சங்கங்கள் உள்ள இடத்தில் 51 சதவீதத் தொழிலாளர் ஆதரவு உள்ள சங்கமே ஒரே பேச்சுவார்த்தைச் சங்கம். அப்படி யாரும் இல்லையென்றால் குறைந்தது 20 சதவீத ஆதரவு உள்ளவை சேர்ந்து ஒரு குழு. நாலு கொடிக்கம்பம் உள்ள வாசலில் இனி ஒரு கொடிக்கு மட்டும் உள்ளே நாற்காலி போட்டால், மற்ற 49 சதவீதம் பேர் சார்பாக யார் பேசுகிறார்கள், அதற்கு யார் பணம் கட்டுவது என்கிற கேள்வி இங்கேயும் வரும்.

கடைசியாக, அமெரிக்காவில் வேலை பார்ப்பவர்களுக்கு. முதல் நாள் தாளில் இரண்டு கையெழுத்து இருந்தால் இரண்டையும் படித்துவிட்டுப் போடுங்கள். உறுப்பினர் பதவியிலிருந்து எப்போது வேண்டுமானாலும் விலகலாம். ஆனால் சம்பளப் பிடித்தத்துக்குக் கொடுத்த சம்மதத்தை ஒரு வருஷம் வரை திரும்பப் பெற முடியாது என்று பெரும்பாலும் சின்ன எழுத்தில் இருக்கும், அதற்கென்று சில நாட்கள் மட்டும் ஜன்னல் திறக்கும். என் தாளில் அது பதினைந்து நாள். நான் முதல் தடவை பதினேழாவது நாள் எழுதினேன், இன்னொரு வருஷம் பிடித்தார்கள். தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள், வாயால் சொல்லாமல் கடிதமாக, ஒப்புகை வரும் தபாலில் சங்கத்துக்கும் நிர்வாகத்துக்கும் தனித்தனியாக அனுப்புங்கள், ஒரு நகல் உங்கள் கையில் இருக்கட்டும்.