ஆயில் ஃபில்டரை இடம் மாற்றிப் பொருத்துவது

என் காரில் ஆயில் ஃபில்டர் எக்ஸாஸ்ட் குழாயை ஒட்டியே இருந்தது. கழற்றும்போதெல்லாம் புறங்கை சுடும், ஆயில் வழிந்து குழாயில் புகையும். போதும் என்று ஃபில்டரையே வேறு இடத்துக்கு மாற்றிவிட்டேன். ஃபில்டர் இருந்த இடத்தில், எஞ்சின் பிளாக்கில், ஆயிலை ஹோஸுக்குத் திருப்பும் அடாப்டர்; புது இடத்தில் ஃபில்டரைத் தாங்கும் பிராக்கெட்; இரண்டையும் இணைக்க இரண்டு ஹோஸ். அவ்வளவுதான்.

முதலில் ஃபில்டரைத் திருகும் மரையின் அளவைப் பாருங்கள். முக்கால் அங்குல விட்டம், அங்குலத்துக்கு 16 மரை என்பது ஒன்று; 20 மில்லிமீட்டர் விட்டம், 1.5 மில்லிமீட்டர் பிட்ச் (மரைக்கு மரை இடைவெளி) இன்னொன்று. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். மாற்றிப் போட்டு முறுக்கினால் மரை போய்விடும்.

பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் பிளாக்கிலேயே ஒட்டியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். அதன்மேல் அடாப்டரை வைத்தால் ஒழுகும். புது வளையத்தில் ஆயில் தடவிப் பொருத்துங்கள்.

அப்புறம் ஹோஸ். சூடான ஆயிலின் அழுத்தம் தாங்கும் ரகம், உள்விட்டம் அரை அங்குலமாவது வேண்டும். தண்ணீர் ஹோஸ் வேண்டவே வேண்டாம்.

நான் சறுக்கியது இங்கேதான். ஆயில் ஃபில்டரின் ஓரத் துளைகள் வழியே உள்ளே போய், நடுத் துளை வழியே வெளியே வர வேண்டும். நான் இரண்டு ஹோஸையும் மாற்றி மாட்டிவிட்டேன். ஃபில்டருக்குள் இருக்கும் ரப்பர் வால்வு அடைத்துக்கொண்டது. டேஷ்போர்டில் ஆயில் அழுத்தம் இல்லை என்று காட்டும் ஆயில் விளக்கு அணையவே இல்லை. நல்லவேளை, உடனே நிறுத்தினேன்.

புது பிராக்கெட்டை எஞ்சினில் வைக்காமல் பாடியில் வைத்தால், எஞ்சின் குலுங்குவதற்கு ஹோஸில் கொஞ்சம் தளர்வு விடுங்கள்.

கடைசியில், எஞ்சின் ஓடாதபடி எரிபொருளைத் துண்டித்து, ஆயில் விளக்கு அணையும்வரை விட்டு விட்டு ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். பிறகு ஓடவிட்டு ஒழுகலைப் பாருங்கள். நிறுத்தியதும் ஆயில் பார்க்கும் குச்சியில் அளவு குறைந்திருக்கும், ஹோஸ் குடித்த ஆயில் அது. ஊற்றி நிரப்புங்கள்.