வீட்டிலிருந்தே ஒரு பனியாற்று ஏரியை அளப்பது எப்படி?

சிக்கிமின் வடக்கே, சுமார் 5,200 மீட்டர் உயரத்தில் தென் லோனாக் என்றொரு ஏரி. 2023 அக்டோபர் 3 இரவு, பக்கத்து மலைச்சரிவு இடிந்து அதற்குள் விழுந்தது. எழும்பிய அலை கரையை உடைத்தது. தீஸ்தா ஆற்றில் இறங்கிய வெள்ளம் சுங்தாங் அணையை அடித்துக்கொண்டு போனது. நேரில் போய்ப் பார்க்க நம்மால் ஆகாது. ஆனால் செயற்கைக்கோள் படத்தில் இலவசமாகவே அளக்கலாம். ஒரு லேப்டாப் போதும்.

1. இடத்தைப் பிடியுங்கள்

கூகுள் எர்த் தேடல் பெட்டியில் 27.91, 88.20 என்று போடுங்கள். கிழக்கு மேற்காக நீண்ட ஏரி தெரியும். மேற்கு முனையில் பனியாறு (மெல்ல நகரும் பெரிய பனிக்கட்டித் திரள்) வந்து தொடுகிறது. கிழக்கு முனையில் இருப்பது பாறை அல்ல; பனியாறு முன்பு தள்ளிக்கொண்டு வந்து போட்ட கல்லும் மண்ணும். அணை மாதிரி ஏரியைத் தாங்கி நிற்பது அந்த மேடுதான், அதனால்தான் இவ்வளவு பயம்.

2. தேதியைத் தேர்ந்தெடுங்கள்

பாதி வேலை இதுதான், அவசரப்படாதீர்கள். ஐரோப்பியச் செயற்கைக்கோள் படங்களை இலவசமாகக் காட்டும் காப்பர்நிகஸ் பிரவுசர் இணையதளத்தைத் திறந்து அதே இடத்துக்குப் போய், சென்டினல்-2 என்ற செயற்கைக்கோளின் படங்களைத் தேர்ந்தெடுங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை பெரும்பாலும் மேகம்தான் கிடைக்கும். ஜனவரியில் ஏரி உறைந்து, மேலே பனி மூடி, சுற்றியிருக்கும் சரிவோடு சரிவாக வெள்ளையாகிவிடும். மழைக்காலம் முடிந்து, உறைவதற்கு முன் இருக்கும் அக்டோபர், நவம்பர்தான் நமக்கு வாகானது. 2022-இல் ஒன்று, 2023 வெள்ளத்துக்குப் பிறகு ஒன்று எடுத்து வையுங்கள்.

3. தண்ணீரா, நிழலா?

முதன்முதலில் முயன்றபோது ஓர் அழகான கரும்பச்சைக் குளத்தைக் கண்டுபிடித்து, எல்லை வரைந்து, பரப்பும் குறித்து வைத்தேன். மே மாதப் படத்தைத் திறந்தால் குளத்தைக் காணோம். சிகரத்தின் நிழலை அளந்திருக்கிறேன்! இந்தச் செயற்கைக்கோள் காலை பத்தரை மணி வாக்கில் கடக்கிறது. வெயில் தென்கிழக்கிலிருந்து விழுவதால், நிழல் மலைக்கு வடமேற்கே கிடக்கும். குளிர்காலத்தில் இன்னும் நீளும். சந்தேகம் வந்தால் வேறு மாதத்துப் படத்தைப் பாருங்கள். ஏரி இடம் மாறாது. நிறமும் உதவும்: பனியாறு பாறையை மாவாக அரைத்துத் தண்ணீரில் கலப்பதால், இந்த ஏரிகள் பல சாம்பல் நிறத்திலோ பால் கலந்த நீலத்திலோ இருக்கும்.

4. வளைத்து அளவெடுங்கள்

வலது ஓரத்தில், பகுதி வரைவதற்கான பொத்தானை அழுத்தி, கரையோரமாகப் புள்ளி வைத்துக்கொண்டே வாருங்கள். வளைவுகளில் நெருக்கமாக வையுங்கள். கடைசிப் புள்ளி முதல் புள்ளியில் சேர்ந்ததும் பரப்பு சதுர கிலோமீட்டரில் வரும். நூறால் பெருக்கினால் ஹெக்டேர்.

சரி பார்க்க இஸ்ரோ வெளியிட்ட எண்கள் இருக்கின்றன: 2023 செப்டம்பர் 28 அன்று 167.4 ஹெக்டேர், அக்டோபர் 4 அன்று 60.3 ஹெக்டேர். (மேகத்தைத் துளைக்கும் ரேடார் படங்களை வைத்து அளந்தார்கள்.) உங்கள் 2022 கணக்கு 250-ஐத் தாண்டினால், பனியாற்றின் வாலையும் சேர்த்து வளைத்திருப்பீர்கள்.

5. அப்புறம், குட்டி ஏரிகள்

பெரியது பழகிய பிறகு சுற்றுவட்டாரத்துக் குளங்களைத் தேடுங்கள். இங்கே ஒரு சிக்கல். சென்டினல்-2 படத்தில் ஒரு கட்டம் (பிக்சல்) தரையில் 10 மீட்டருக்கு 10 மீட்டர். ஒரு ஹெக்டேர் குளம் என்றால் வெறும் நூறு கட்டம். சதுரமாகவே வைத்தாலும் அதில் 36 கரையோரக் கட்டங்கள், பாதி தண்ணீர் பாதி மண்ணாகக்கூட இருக்கலாம். ஆகவே இவற்றை மூன்று முறை வளைத்து, மூன்று எண்களையும் குறித்துக்கொள்ளுங்கள். படத்தின் தேதியையும் பக்கத்திலேயே எழுதுங்கள். நான் எழுதாமல் விட்ட ஒரு நோட்டு இன்னும் மேசையில் பயனில்லாமல் கிடக்கிறது.