அப்லோட் ஆகிவிட்டது, சப்மிட் ஆனதா?

நான் பாடம் எடுப்பவன் இல்லை. மாணவர்கள் அசைன்மென்ட் ஏற்றுகிற இணையதளத்தைப் பராமரிப்பது என் வேலை. அதனால் உங்கள் கட்டுரை நன்றாக இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. எத்தனை மணிக்கு வந்தது, என்ன பெயரில் வந்தது, திறந்தால் திறக்கிறதா, இவ்வளவுதான் எனக்குத் தெரியும். கெடு இரவு 11:59 என்றால் சாயங்காலம் முழுக்கத் தளம் காற்று வாங்கும். கடைசிக் கால் மணி நேரத்தில் வகுப்பே வந்து குவியும். 12 மணி தாண்டியதும் மின்னஞ்சல்கள் தொடங்கும்: "ஏற்றிவிட்டேன் சார், தளம்தான் வாங்கவில்லை." சில நேரம் அது உண்மைதான். ஆனால் பதிவுகளை எடுத்துப் பார்த்தால் பெரும்பாலும் தளம் ஒழுங்காக வாங்கியிருக்கும். வந்த கோப்புதான் வேறு, அல்லது கடைசிப் பொத்தானை யாரும் அழுத்தியிருக்க மாட்டார்கள்.

எழுதி முடிப்பது ஒரு வேலை, கொடுத்து முடிப்பது இன்னொரு வேலை. இரண்டாவதற்கு நேரமே ஒதுக்காதவர்கள்தான் என்னிடம் வருகிறார்கள். அந்த இரண்டாவது வேலையைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் நாளே செய்ய வேண்டியது

அறிவிப்புத் தாள் கைக்கு வந்த அன்றே அதைப் படித்துவிடுங்கள். தலைப்பைப் பார்த்துவிட்டு மூடி வைப்பதைப் படித்தது என்று கணக்கில் சேர்க்காதீர்கள். எந்தக் கோப்பு வடிவம், எத்தனை சொற்கள், அந்தக் கணக்கில் மேற்கோள் பட்டியல் சேருமா, எந்த மேற்கோள் முறை, கோப்புக்கு என்ன பெயர் வைக்க வேண்டும், குழு வேலை என்றால் ஒருவர் ஏற்றினால் போதுமா இல்லை எல்லாரும் ஏற்ற வேண்டுமா, இதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். தாளில் பதில் இல்லாத கேள்வியை அந்த வாரமே ஆசிரியரிடம் கேளுங்கள். முதல் வாரத்தில் கேட்டால் அக்கறையான மாணவர் என்று நினைப்பார். கடைசி இரவில் அதே கேள்வியைக் கேட்டால் என்ன நினைப்பார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

நேரத்தில் இரண்டு கண்ணிகள் உண்டு. முதலாவது நள்ளிரவு 12 மணி. "வெள்ளிக்கிழமை 12:00 ஏ.எம்." என்று போட்டிருந்தால் வெள்ளிக்கிழமை அப்போதுதான் பிறக்கிறது. அதாவது வியாழன் இரவோடு உங்கள் நேரம் முடிகிறது. வெள்ளி முழுக்கக் கையில் இருக்கிறது என்று நம்பி ஏமாந்தவர்கள் ஏராளம். விவரமான ஆசிரியர்கள் 11:59 என்று போடுவது இதற்காகத்தான். இரண்டாவது கண்ணி நேர மண்டலம். வேறு நாட்டுப் பல்கலைக்கழகத்தில் இணையவழியாகப் படித்தால், அறிவிப்பில் இருப்பது அவர்கள் ஊர் நேரமா, யூ.டி.சி. என்ற உலகப் பொது நேரமா, உங்கள் ஊர் நேரமா என்று பாருங்கள். மூடில் (Moodle) என்பது அசைன்மென்ட் ஏற்றப் பல கல்லூரிகள் பயன்படுத்தும் தளம்; அது உங்கள் சுயவிவரத்தில் பதிந்திருக்கிற மண்டலத்தின்படி நேரத்தைக் காட்டும். அங்கே தவறான மண்டலம் இருந்தால் திரையில் தெரிவதும் தவறான நேரமே. ஒரு முறை உள்ளே போய்ச் சரிபார்த்துவிட்டால் படிப்பு முடியும்வரை கவலையில்லை.

மூடிலில் ஆசிரியர் இரண்டு வெவ்வேறு கெடுக்களை வைக்கலாம். ஒன்று கடந்தால் 'தாமதம்' என்ற முத்திரையோடு வாங்கிக்கொள்ளும். மற்றொன்று கடந்தால் கதவு சாத்தப்படும். பிறகு ஆசிரியர் தனியாக நீட்டிப்புக் கொடுத்தால்தான் உண்டு. "போன தடவை ஒரு மணி நேரம் கழித்தும் வாங்கியதே" என்ற நம்பிக்கையில் இருக்காதீர்கள். ஒவ்வொரு அசைன்மென்டுக்கும் இந்த அமைப்பு தனித்தனி.

எவ்வளவு நாள் ஆகும்?

நாம் நினைப்பதைவிட அதிகம் ஆகும். இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். ரோஜர் பியூலர், டேல் கிரிஃபின், மைக்கேல் ராஸ் என்ற மூன்று உளவியலாளர்கள் 1994-இல் வெளியிட்ட ஆய்வில், இளநிலை ஆய்வேட்டை முடிக்க எத்தனை நாள் ஆகும் என்று மாணவர்களிடம் கேட்டார்கள். சராசரியாக வந்த பதில் 33.9 நாள். உண்மையில் ஆனது 55.5 நாள். எல்லாமே மோசமாகப் போனால் எத்தனை நாள் என்று கேட்டபோது சொன்னது 48.6. அதையும் தாண்டித்தான் போயிருக்கிறது! இவர்கள் சோம்பேறிகள் இல்லை. மனதுக்குள் திட்டம் போடும்போது காய்ச்சல், மின்தடை, நூலகத்தில் வேறொருவர் எடுத்துப் போன புத்தகம் எதுவும் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

ஆகவே "இதற்கு எத்தனை நாள் ஆகும்" என்று உங்களையே கேட்காதீர்கள். "போன அசைன்மென்டுக்கு எத்தனை நாள் ஆனது" என்று கேளுங்கள். அந்தப் பதிலை வைத்துக் கெடுவிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். கெடு வெள்ளி இரவு என்றால் நாட்காட்டியில் வியாழன் இரவைத்தான் கெடு என்று குறியுங்கள். வெள்ளி முழுக்கக் கோப்பைச் சரிபார்க்க, ஏற்ற, ஏற்றியதைத் திறந்து பார்க்க. ஒரு நாள் அதிகம் என்று தோன்றும். ஒன்றும் ஆகாவிட்டால் அரை மணி நேரத்தில் முடியும், மீதி நேரத்தில் தூங்குங்கள்.

மேற்கோளைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவதுதான் அந்த ஒரு நாளை விழுங்கும் பெரிய முதலை. எந்த வரி எந்தப் புத்தகத்தின் எந்தப் பக்கத்தில் இருந்தது என்று இரவு 10 மணிக்குத் தேடுவது நரகம். சோட்டெரோ போன்ற இலவச மென்பொருளில் படிக்கும்போதே ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போனால் பட்டியலை அதுவே உருவாக்கிக் கொடுக்கும். ஏ.பி.ஏ. முறை (அமெரிக்க உளவியல் கழகத்தின் மேற்கோள் முறை) என்றால் இப்போது நடப்பில் இருப்பது 2019-இல் வந்த ஏழாம் பதிப்பு. பழைய பதிப்பை வைத்து எழுதிய வழிகாட்டிகள் இணையத்தில் இன்னும் சுற்றுகின்றன, கவனம். மென்பொருள் தருகிற பட்டியலையும் ஒரு தடவை கண்ணால் பார்த்துவிடுங்கள். ஆசிரியர் பெயரும் ஆண்டும் இடம் மாறி வருவது உண்டு.

கட்டுரை வேறு எழுத்துகளோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று சோதிக்கும் டர்னிடின் மென்பொருள் பற்றி ஒரு வார்த்தை. அது காட்டும் சதவீதம் ஒற்றுமையின் அளவு மட்டுமே. ஆசிரியர் அமைப்பில் விலக்கி வைக்காவிட்டால், ஒழுங்காக மேற்கோள் குறியிட்டு எடுத்தாண்ட வரியையும், மேற்கோள் பட்டியலையும்கூட அது எண்ணும். அந்த எண்ணைப் பூஜ்யமாக்கச் சொற்களை உருட்டிப் புரட்டி எழுதுகிறவர்களின் கட்டுரை படிக்கச் சகிக்காமல் போகிறது என்று ஆசிரியர்கள் என்னிடமே புலம்புகிறார்கள். இன்னொன்று: மறுபடி ஏற்ற அனுமதி இருந்தாலும், மூன்று முறை மாற்றி ஏற்றிய பிறகு புதிய அறிக்கை வர 24 மணி நேரம் ஆகும். கடைசி இரவில் திருத்தித் திருத்திச் சதவீதத்தைப் பார்த்துக்கொண்டிருக்கலாம் என்ற திட்டம் அங்கே முறிந்துவிடும். ஏஐ கருவியின் உதவி வாங்கியிருந்தால் அதை எப்படிக் குறிப்பிட வேண்டும் என்பதும் அறிவிப்புத் தாளில் இருக்கிறதா என்று பாருங்கள்.

கோப்பு

எனக்கு வரும் புகார்களில் பாதி இங்கேதான் பிறக்கிறது. வேர்டில் ஒரு கோப்பைத் திறந்து வைத்திருக்கும்போது, ~$ என்று தொடங்கும் ஒரு குட்டிக் கோப்பு அதே ஃபோல்டரில் மறைவாக உருவாகும். சில கணினிகளில் அது கண்ணுக்குத் தெரியும். அவசரத்தில் அதைத் தேர்ந்தெடுத்து ஏற்றிவிடுகிறார்கள். பெயர் ஏறக்குறைய அதேதான், உள்ளே கட்டுரையின் ஒரு எழுத்துகூட இருக்காது. ஏற்றும் முன் வேர்டை மூடுங்கள். கோப்பின் அளவைப் பாருங்கள். பத்துப் பக்கக் கட்டுரை ஒரு கேபிக்கும் குறைவாக இருக்க வழியே இல்லை.

'ஃபைனல்', 'ஃபைனல் 2', 'உண்மையான ஃபைனல்' என்று வரிசையாகப் பெயர் வைப்பவர்கள் எப்போதாவது தவறானதை ஏற்றுவார்கள், தப்பவே முடியாது. கொடுக்கப் போகும் பிரதிக்கு மட்டும் தனி ஃபோல்டர் போட்டு, அதில் அந்த ஒரே கோப்பை வைத்து, அங்கிருந்து ஏற்றுங்கள்.

வடிவத்தை ஆசிரியர் சொல்லாவிட்டால் பி.டி.எஃப். நல்லது. எந்தக் கருவியிலும் பக்கம் கலையாது. தமிழில் எழுதுகிறவர்கள் யூனிகோடு எழுத்துருவையே பயன்படுத்துங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டிய கட்டுரை, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். பி.டி.எஃப். ஆக்கினால் கண்ணுக்கு ஒழுங்காகத் தெரியலாம், ஆனால் ஒற்றுமை சோதிக்கும் மென்பொருள் உள்ளே படிப்பது அதே குப்பையைத்தான்.

பி.டி.எஃப். ஆக்கும் முன் திருத்தக் குறிகளையும் ஓரக் குறிப்புகளையும் நீக்குங்கள். "இந்தப் பத்தி ரொம்ப மொக்கை" என்று நண்பர் போட்ட குறிப்போடு வந்த கட்டுரையை ஆசிரியர் எனக்குக் காட்டிச் சிரித்திருக்கிறார். பொருளடக்கத்தைப் புதுப்பித்து, பக்க எண்கள் சரிதானா என்று பாருங்கள். கையெழுத்துப் பக்கங்களைப் படமெடுத்தால் ஸ்கேன் செயலியில் எடுத்து ஒரே கோப்பாகச் சேருங்கள். பதினைந்து தனித்தனிப் படங்களை யாரும் வரிசைப்படுத்திப் படிக்க மாட்டார்கள். கோப்புக்குப் பதிலாக கூகுள் டிரைவ் இணைப்பு கேட்டிருந்தால், வேறு கணக்கிலிருந்தோ மறைநிலைச் சாளரத்திலோ (இன்காக்னிட்டோ) திறந்து பாருங்கள். உங்களுக்குத் திறப்பது எதையும் நிரூபிக்காது, அது உங்கள் கோப்பாயிற்றே.

ஏற்றும்போது

மூடிலில் ஆசிரியர் அப்படி அமைத்திருந்தால், கோப்பை ஏற்றிச் சேமித்தாலும் அது வரைவாகவே நிற்கும். அதன் பிறகு சமர்ப்பிக்கும் பொத்தானை அழுத்தி, உறுதிமொழியை ஏற்று, இன்னொரு முறை உறுதி செய்ய வேண்டும். பக்கத்தை மூடும் முன் நிலை என்ன என்று படியுங்கள். 'வரைவு' என்று இருந்தால் நீங்கள் இன்னும் கொடுக்கவில்லை. கூகுள் கிளாஸ்ரூமில் வேறு மாதிரிச் சிக்கல்: நேரத்தோடு கொடுத்ததைக் கெடு தாண்டித் திரும்பப் பெற்று, ஒரு எழுத்துப் பிழையைத் திருத்தி மறுபடி கொடுத்தால், முழுவதும் தாமதமாகக் கொடுத்ததாகவே பதிவாகும். அந்தப் பிழையோடு விட்டுவிடுங்கள்.

நிலை சரியாக இருக்கிறதா? அப்புறம் ஏற்றிய கோப்பை அங்கிருந்தே பதிவிறக்கித் திறங்கள், முடிந்தால் வேறு கருவியில். முதல் பக்கம், நடுவில் ஒரு பக்கம், கடைசிப் பக்கம் பார்த்தால் போதும். இந்த ஒரு பழக்கம் இருந்தால் என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் வரவே தேவையிருக்காது. ரசீது மின்னஞ்சல் வந்தால் வைத்துக்கொள்ளுங்கள், வராவிட்டால் நேரம் தெரிகிற மாதிரி ஒரு ஸ்கிரீன்ஷாட்.

முடியாது என்று தெரிந்தால்

கெடுவுக்கு முன்பே எழுதுங்கள். கெடு முடிந்த பிறகு எழுதும் மடலுக்கு உள்ள மதிப்பே வேறு. சுருக்கமாக, வேண்டிய விவரத்தோடு, இந்த மாதிரி இருந்தால் போதும்:

"வணக்கம். நான் இன்ன பாடப்பிரிவு, பதிவு எண் இன்னது. வெள்ளி இரவு 11:59-க்குக் கொடுக்க வேண்டிய இரண்டாம் அசைன்மென்டுக்குத் திங்கள் இரவு வரை அவகாசம் கேட்டு எழுதுகிறேன். காய்ச்சலால் சில நாட்களாக வேலை செய்ய முடியவில்லை, மருத்துவச் சான்றிதழை இணைத்திருக்கிறேன். முதல் இரண்டு பகுதிகள் தயாராக உள்ளன. அவகாசம் தர இயலாவிட்டால் முடிந்தவரை எழுதி வெள்ளியன்றே சமர்ப்பிக்கிறேன்."

எவ்வளவு அவகாசம் என்று நாளைச் சொல்லிக் கேட்பதால் ஆசிரியர் ஆம், இல்லை என்று ஒரே வரியில் பதில் போட்டுவிடலாம். அவகாசம் கிடைக்காவிட்டால் கணக்குப் பாருங்கள். நாளுக்கு 5 மதிப்பெண் கழியும் என்றால் இரண்டு நாள் கூடுதல் உழைப்பு 10 மதிப்பெண்ணுக்கு மேல் ஏற்றித் தந்தால்தான் லாபம். அரைகுறைக் கட்டுரைக்கு அது நடக்கலாம், ஓரளவு முடிந்ததற்கு நடக்காது, கொடுத்துவிடுங்கள்.

கடைசி நேரத்தில் தளம் உண்மையாகவே விழுந்தால் பிழைச்செய்தியைப் படமெடுத்து, கோப்பை இணைத்து, கெடுவுக்குள் ஆசிரியருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். நகல் எங்களுக்கும். பதிவுகளில் நேரத்தை ஒப்பிட்டு உங்கள் பக்கம் பேச எனக்கு அது போதும். மதிப்பெண் வெளியாகும்வரை அந்தக் கோப்பையும் ரசீதையும் அழிக்காதீர்கள். கணினியில் ஒன்று, வேறெங்காவது ஒன்று.